பகலில் எக்ஸெல்... இரவில் கேம்! ஒரே அல்ட்ராவைடு திரை இரண்டுக்கும் சரிவருமா?

ஆடித் தபசுக்கு ஊரே திரளும் சங்கரன்கோவிலில், ஒரே திருமேனியில் ஒரு பாதி சிவன், மறு பாதி திருமால். 'இருவரில் யார் பெரியவர்?' என்று வாதிட்ட சங்கன், பதுமன் என்ற நாக அரசர்களுக்கும் உலகுக்கும் விடையாக, கோமதி அம்மன் தவமிருந்து பெற்ற காட்சி அது என்கிறது தல வரலாறு.

அதே ஊரில், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஓர் இளைஞரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் 2011-லேயே ஜோஹோ அலுவலகம் வந்துவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு சென்னை, பெங்களூரு கம்பெனிகளின் வேலையும் ஊர் வீடுகளுக்குள் வந்துவிட்டது. நம் இளைஞரும் அப்படித்தான். காலை ஒன்பது மணி முதல் மாலை ஆறு வரை ஆபீஸ் லேப்டாப்பில் எக்ஸெல், மெயில், மீட்டிங். இரவு சாப்பாடு முடிந்ததும் சொந்த கம்ப்யூட்டரில் இரண்டு மணி நேரம் கேம். இரண்டுக்கும் சேர்த்து ஒரு நல்ல திரை வாங்க வேண்டும் என்பது அவருடைய ஒரு வருட ஆசை. சேர்த்துவைத்திருப்பது ரூ.40,000.

வீட்டில் சொன்னதும் அம்மாவின் முதல் கேள்வி, "ஏய்யா, ஹால்ல டிவி சும்மாதான கெடக்கு... அதுல மாட்ட முடியாதா?"

தறி ஓட்டும் அப்பாவின் கேள்வி வேறு. "துணின்னா பன்னா எவ்வளவுன்னு பாத்து வாங்குவோம். இதுல என்னத்தல பாக்கணும்?"

தங்கை சும்மா இருப்பாளா? "அண்ணே, அந்தக் காசுக்கு மொதல்ல இன்வெர்ட்டர் பேட்டரிய மாத்து. கரன்ட் போனா ஃபேனே சுத்த மாட்டேங்குது!"

மூன்றுமே நியாயமான கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பதில் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால், காசும் தப்பும், கண்ணும் தப்பும்.

'பன்னா' கணக்கு இங்கேயும் உண்டு!

அப்பாவின் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். சாதாரண மானிட்டர், டிவி எல்லாம் 16:9 என்ற விகிதத்தில் இருக்கும். அகலம் 16 பங்கு என்றால் உயரம் 9 பங்கு. அல்ட்ராவைடு என்பது 21:9. அதாவது, உயரம் அப்படியே இருக்க, பன்னா மட்டும் கூடுகிறது. அதையும் தாண்டி 32:9 என்று ஒன்று இருக்கிறது. 49 இன்ச் அளவில் வரும் அது, இரண்டு 27 இன்ச் மானிட்டர்களை ஒட்டி வைத்ததற்குச் சமம். கிட்டத்தட்ட 120 செ.மீ. அகலம். அதற்கு மேசை வாங்குவதே தனிச் செலவு.

இந்த அகலத் திரை ஆசை கம்ப்யூட்டரோடு வந்ததில்லை. 1953-ல் ஹாலிவுட்டில் 'தி ரோப்' படத்தோடு சினிமாஸ்கோப் வந்தது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம், 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்'. சுமார் 40 வருடங்கள் கழித்து, 2012-ன் இறுதியில் எல்.ஜி. போன்ற நிறுவனங்கள் 29 இன்ச் அளவில் 21:9 மானிட்டர்களைக் கொண்டுவந்தன. தியேட்டர் திரையின் வடிவம் மேசைக்கு வந்தது அப்போதுதான்.

கடையில் பெட்டியில் போட்டிருக்கும் இன்ச் கணக்கு மட்டும் ஏமாற்றும். ஏனென்றால், இன்ச் என்பது மூலைக்கு மூலை அளக்கும் குறுக்களவு. 29 இன்ச் அல்ட்ராவைடு என்றதும், '24 இன்ச்சைவிடப் பெரியது' என்று தோன்றும். ஆனால், அதன் உயரம் சுமார் 28.5 செ.மீ.தான். 24 இன்ச் சாதாரண மானிட்டரின் உயரமோ சுமார் 30 செ.மீ. அகலம் கூடியிருக்கும், உயரம் குறைந்திருக்கும். 34 இன்ச் அல்ட்ராவைடு ஏறக்குறைய 80 செ.மீ. அகலமும் 33 செ.மீ. உயரமும் கொண்டது. உயரத்தில் அது 27 இன்ச் சாதாரண மானிட்டருக்குச் சமம்.

ஆக, நீளமான டாக்குமென்ட் படிக்கிறவருக்கும், கோடிங் எழுதுகிறவருக்கும் 29 இன்ச் குட்டையாகத் தெரியும். வேலை, கேம் இரண்டுக்கும் என்றால் 34 இன்ச்சிலிருந்து யோசிப்பதே சரி.

டிவியில் மாட்டினால் என்ன?

அம்மாவின் கேள்விக்கு வருவோம். மாட்டலாம், படம் வரும். ஆனால், நம் வீடுகளில் இருக்கும் 32 இன்ச் டிவிக்களில் பலவும் 'ஹெச்.டி. ரெடி' ரகம். அதாவது 1366 × 768 புள்ளிகள். ஒரு இன்ச்சுக்கு சுமார் 49 புள்ளிகள்தான். பத்தடி தள்ளி உட்கார்ந்து சீரியல் பார்க்க அது போதும். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து எட்டு மணி நேரம் எண்களைப் பார்த்தால், எழுத்தெல்லாம் கோலப்பொடி சிந்தியதுபோலத் தெரியும்.

இதில் தமிழ் படிக்கிறவர்களுக்குக் கூடுதல் கவலை ஒன்று உண்டு. நம் எழுத்துகளில் சுழி, கொம்பு, கால், புள்ளி எல்லாம் நெருக்கமாக வரும். 'ணு', 'னு' வித்தியாசமும், மெய்யெழுத்தின் மேல் இருக்கும் புள்ளியும் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால், ஒரு இன்ச்சுக்குள் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பது முக்கியம்.

34 இன்ச்சில் இரண்டு ரகங்கள் விற்கின்றன. ஒன்று, 2560 × 1080. விலை குறைவு. ஆனால், ஒரு இன்ச்சுக்கு சுமார் 82 புள்ளிகள்தான். நாம் பழகிய 24 இன்ச் ஃபுல் ஹெச்.டி. மானிட்டரில்கூட 92 இருக்கும். ஆக, அதிகக் காசு கொடுத்து மங்கலான எழுத்தை வாங்கியதாகிவிடும். இன்னொன்று, 3440 × 1440. ஒரு இன்ச்சுக்கு சுமார் 110 புள்ளிகள். எழுத்து அச்சடித்ததுபோல இருக்கும்.

பெட்டியில் இரண்டுமே '34 இன்ச் அல்ட்ராவைடு' என்றுதான் போட்டிருக்கும். தள்ளுபடியில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கடையில் பார்க்கும்போது, விற்பனையாளர் ஓடவிடும் டெமோ வீடியோவைப் பார்த்து மயங்காமல், செல்போனில் இருந்து ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தை அந்தத் திரையில் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

திரையைச் சுமக்கும் சக்தி இருக்கிறதா?

புள்ளிகள் கூடினால் எழுத்து அழகாகும். ஆனால், கேம் ஆடும்போது அத்தனை புள்ளிகளையும் ஒவ்வொரு நொடியும் பலமுறை வரைந்து தள்ள வேண்டியது கம்ப்யூட்டரில் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு. கணக்கைப் பாருங்கள்.

* ஃபுல் ஹெச்.டி. (1920 × 1080): சுமார் 20.7 லட்சம் புள்ளிகள்
* 2560 × 1080: சுமார் 27.6 லட்சம்
* 2560 × 1440: சுமார் 36.9 லட்சம்
* 3440 × 1440: சுமார் 49.5 லட்சம்
* 4கே (3840 × 2160): சுமார் 82.9 லட்சம்

ஃபுல் ஹெச்.டி.யைவிட 3440 × 1440-க்கு ஏறக்குறைய 2.4 மடங்கு வேலை. ஃபுல் ஹெச்.டி.யில் ஒரு கேம் நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடிக்கொண்டிருந்த தொடக்கநிலை கேமிங் லேப்டாப், அதே செட்டிங்கில் இந்தத் திரையில் திணறும். சைக்கிள் டைனமோவை வைத்து டியூப் லைட் எரியவைக்கிற கதைதான்.

அதற்காக வாங்கவே கூடாது என்றில்லை. கேம் செட்டிங்கில் நிழல், பிரதிபலிப்பு போன்றவற்றைக் குறைத்துக்கொள்ளலாம். என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ்., ஏ.எம்.டி.யின் எஃப்.எஸ்.ஆர். போன்ற வசதிகள், குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கித் தருகின்றன. ஆனால், 'மானிட்டர் வாங்கிய அடுத்த மாதமே புது கிராஃபிக்ஸ் கார்டு' என்ற இரண்டாவது செலவு வந்து நிற்குமா என்பதை, முதல் செலவுக்கு முன்பே யோசித்துவிடுவது நல்லது.

எல்லா கேமும் அகலத் திரைக்குப் பொருந்துமா?

பொருந்தாது. பலர் திரையை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகே தெரிந்துகொள்ளும் விஷயம் இது.

'யூரோ டிரக் சிமுலேட்டர் 2', 'ஃபோர்ஸா ஹொரைஸன் 5', 'மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர்' போன்ற கேம்கள் 21:9 திரையை முழுதாகப் பயன்படுத்துகின்றன. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பக்கவாட்டுக் கண்ணாடியையும் சேர்த்துப் பார்ப்பதுபோல இருக்கும். ஆனால், 'வேலரண்ட்' போன்ற போட்டி கேம்களில், அகலத் திரை வைத்திருப்பவருக்குக் கூடுதலாக எதுவும் தெரிந்துவிடக்கூடாது என்பதற்காக 16:9 அளவுதான். இருபக்கமும் கறுப்புப் பட்டை விழும். 'எல்டன் ரிங்' கேமும் இயல்பாக 16:9-ல்தான் ஓடும்.

பிளே ஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்களுக்கு இன்னும் தெளிவான பதில். அது 21:9-ல் படத்தைத் தருவதே இல்லை. எக்ஸ்பாக்ஸும் அப்படித்தான். திரையின் கால்வாசி கறுப்பாகவே கிடக்கும். அவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு, நல்ல 27 இன்ச் 16:9 மானிட்டர் தேடலாம்.

சினிமாவுக்கு? ஸ்கோப் படங்கள் திரையை நிறைக்கும். ஆனால், யூடியூப் வீடியோக்களும் சீரியல்களும் பெரும்பாலும் 16:9. அவற்றுக்குப் பக்கவாட்டில் கறுப்பு வரும். சில ஓ.டி.டி. தளங்களில் ஸ்கோப் படத்தையே மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு சேர்த்து 16:9-ஆக அனுப்புவார்கள். அப்போது நான்கு பக்கமும் கறுப்புச் சட்டம் போட்டதுபோலத் தெரியும். பிரவுசரில் சின்ன எக்ஸ்டென்ஷன் போட்டுப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

வேலைக்கு உண்மையிலேயே உதவுமா?

உதவும். நடுவில் எக்ஸெல், இடது பக்கம் மெயில், வலது பக்கம் மீட்டிங். மாறி மாறி ஜன்னல் தாவ வேண்டியதில்லை. விண்டோஸ் 11-ல் விண்டோஸ் பட்டனோடு இசட் எழுத்தைத் தட்டினால், திரையை மூன்று பத்தியாகப் பிரிக்கும் வசதி வந்து நிற்கும். எக்ஸெல்லில் வருடத்தின் 12 மாதங்களும் ஒரே பார்வையில் விழும்.

இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, மீட்டிங்கில் முழுத் திரையையும் ஷேர் செய்தால், எதிரில் லேப்டாப்பில் பார்க்கிற மேனேஜருக்கு எழுத்து எறும்பு வரிசைபோலத் தெரியும். தேவையான ஜன்னலை மட்டும் ஷேர் செய்யப் பழக வேண்டும். இரண்டாவது, வளைந்த திரை. பெட்டியில் 1500 ஆர், 1800 ஆர் என்று போட்டிருப்பது வளைவின் ஆரம், மில்லி மீட்டரில். எண் குறைந்தால் வளைவு அதிகம். 34 இன்ச்சில் மிதமான வளைவு கண்ணுக்கு வசதி. ஆனால், வீட்டு பிளான் வரைகிறவர்கள், சேலை டிசைன் போடுகிறவர்கள் போன்றோருக்கு நேர்க்கோடு வளைந்து தெரிந்தால் வேலை கெடும். அவர்களுக்குத் தட்டையான திரையே சரி.

ஆபீஸ் லேப்டாப் ஒன்று, சொந்த கம்ப்யூட்டர் ஒன்று என இரண்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய வசதிகள் இரண்டு. 'பி.பி.பி.' என்ற வசதி இருந்தால், திரையின் ஒரு பாதியில் ஆபீஸ் லேப்டாப், மறு பாதியில் சொந்த கம்ப்யூட்டர். ஆளுக்குப் பாதி, சங்கரநாராயணர்போல! 'கே.வி.எம்.' வசதி இருந்தால் ஒரே கீபோர்டு, மவுஸை இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம். ஆபீஸ் லேப்டாப்பில் எந்த சாஃப்ட்வேரும் புதிதாகப் போட வேண்டியதில்லை என்பதால், கம்பெனி விதிமுறைக்கும் சிக்கல் வராது.

கேபிளில் ஏமாறாதீர்கள்

திரை 144 ஹெர்ட்ஸ் என்பார்கள். நொடிக்கு 144 முறை படம் மாறும் என்று அர்த்தம். ஆனால், அந்த வேகம் கேபிளையும் லேப்டாப்பில் இருக்கும் துளையையும் பொறுத்தது. பழைய லேப்டாப்களில் இருக்கும் ஹெச்.டி.எம்.ஐ. 1.4 துளை, 3440 × 1440 திரைக்குப் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் அளவோடு நின்றுவிடும். மவுஸ் அம்புக்குறியே இழுத்து இழுத்து நகர்வதுபோலத் தோன்றும். ஹெச்.டி.எம்.ஐ. 2.0 என்றால் 100 ஹெர்ட்ஸ் வரை கிடைக்கும். 144 வேண்டுமென்றால் டிஸ்பிளே போர்ட் 1.4 போன்றவை வேண்டும்.

யு.எஸ்.பி. டைப் சி துளை இருக்கும் லேப்டாப் என்றால், ஒரே கேபிளில் படமும் வரும், லேப்டாப்பும் சார்ஜ் ஆகும். ஆனால், எல்லா டைப் சி துளையும் படம் அனுப்பாது. லேப்டாப்பின் மாடல் எண்ணைப் போட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மானிட்டர் எத்தனை வாட் தருகிறது என்பதையும் பாருங்கள். ஆபீஸ் லேப்டாப்களுக்கு 65 வாட் பொதுவாகப் போதும். கேமிங் லேப்டாப்புக்குப் போதாது.

ஐ.பி.எஸ்., வி.ஏ., ஓ.எல்.இ.டி... எது?

* ஐ.பி.எஸ்.: நிறம் சரியாக இருக்கும், பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் மாறாது. எழுத்து வேலைக்கு நல்லது. இருட்டுக் காட்சிகளில் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரியும்.
* வி.ஏ.: கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். 34 இன்ச்சில் விலை குறைவானவை பெரும்பாலும் இந்த ரகம்தான். இருட்டுக் காட்சியில் வேகமாக ஓடும்போது சில மாடல்களில் நிழல் இழுபடும்.
* ஓ.எல்.இ.டி.: கேமுக்கும் சினிமாவுக்கும் அபாரம். ஆனால், விலை அதிகம். எட்டு மணி நேரம் ஒரே எக்ஸெல் கட்டமும், கீழே ஒரே டாஸ்க்பாரும் நின்றுகொண்டிருந்தால், நாளடைவில் அதன் தடம் திரையில் பதியும் அபாயம் உண்டு. சில மாடல்களில் எழுத்தின் ஓரத்தில் நிறம் கசிவதுபோலவும் தெரியும்.

பகல் முழுக்க வேலை, இரவில் கொஞ்சம் கேம் என்றால் ஐ.பி.எஸ். முதல் தேர்வு. பட்ஜெட் இடிக்கிறதென்றால் நல்ல வி.ஏ. பெட்டியில் 'ஹெச்.டி.ஆர். 400' என்ற முத்திரையைப் பார்த்து மட்டும் கூடுதல் காசு தர வேண்டாம். டிஸ்பிளே ஹெச்.டி.ஆர். தரவரிசையில் அதுதான் கடைசிப் படி.

பெட்டி வருவதற்கு முன் ஓர் அட்டை!

செலவில்லாத சோதனை இது. பழைய அட்டைப் பெட்டியை 80 செ.மீ. அகலம், 34 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, மேசை மேல் சுவரோடு சாய்த்து வையுங்கள். வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டுங்கள். விரல் நுனி அட்டையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். இரண்டு ஓரங்களையும் பார்க்கக் கழுத்து அதிகம் திரும்புகிறதா? அப்படியென்றால் தூரம் போதவில்லை.

நம் வீடுகளில் இருக்கும் ஸ்டடி டேபிள் பலவும் ஒன்றரை அடி ஆழம்தான். மானிட்டரின் காலே அதில் பாதியைத் தின்றுவிடும். கீபோர்டு வைக்க இடமிருக்காது. குறைந்தது இரண்டேகால் அடி ஆழம் வேண்டும். இல்லையென்றால், மானிட்டரைக் கையில் பிடிப்பதுபோலத் தாங்கும் ஆர்ம் ஸ்டாண்ட் வாங்க வேண்டும். அதற்கு, மானிட்டரின் பின்புறம் 'வெசா' திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

ஜன்னல் எதிரிலோ, முதுகுக்குப் பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் இருக்கட்டும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் இருக்கும் ஒன்றை, 20 விநாடி பார்ப்பது கண்ணுக்கு ஓய்வு. எத்தனை விலை கொடுத்து வாங்கிய திரைக்கும் இந்த விதி பொருந்தும்.

காசு, வரி, வாரன்ட்டி

நல்ல செய்தி ஒன்று. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு முன்பு 28 சதவிகிதம் ஜி.எஸ்.டி. இருந்தது. 34 இன்ச் அல்ட்ராவைடு அந்தக் கோட்டை இரண்டே இன்ச்சில் தாண்டி மாட்டிக்கொண்டிருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவிகிதமாகக் குறைந்துவிட்டது. வரிக்கு முந்தைய விலை ரூ.30,000 என்றால், முன்பு ரூ.38,400. இப்போது ரூ.35,400. மூவாயிரம் ரூபாய் மிச்சம். ஜி.எஸ்.டி. பதிவு வைத்துத் தனியாகத் தொழில் செய்கிறவர்கள், தங்கள் எண்ணைக் கொடுத்து பில் வாங்கினால், தொழிலுக்கான பயன்பாட்டுக்கு உள்ளீட்டு வரியையும் கழித்துக்கொள்ள வழியுண்டு.

'வட்டியில்லா இ.எம்.ஐ.' என்றாலும் பிராசஸிங் கட்டணமும், வட்டித் தொகை மீதான ஜி.எஸ்.டி.யும் தனியாக வரக்கூடும். மொத்தமாகக் கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் வாங்குகிறவர்கள் விலைக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி, 'ரிப்பேர் ஆனால் யார் வருவார்கள்?' என்பது. மாடலைத் தேர்வுசெய்யும் முன், உங்கள் பின்கோடுக்கு வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் வாரன்ட்டி உண்டா என்று நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணுக்கு போன் போட்டுக் கேளுங்கள். இல்லையென்றால், 80 செ.மீ. அகலத் திரையைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ பஸ் ஏற வேண்டியிருக்கும். நிறம் மாறிய புள்ளிகள் எத்தனை இருந்தால் மாற்றித் தருவார்கள் என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால், பெட்டியைப் பிரிப்பதைத் தொடக்கம் முதல் வீடியோ எடுங்கள். திரையின் நடுவில் கை வைத்துத் தூக்காதீர்கள். திருப்பி அனுப்பும் காலம் முடியும்வரை அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் பரண் மேல் பத்திரமாக வையுங்கள். பிரச்னை வந்து விற்பனையாளர் கை விரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, விற்றவர் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்துக்கான நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம்.

தங்கை சொன்னதும் சரிதான்!

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் ஆபீஸ் வேலை நிற்காமல் இருக்க வேண்டுமென்றால், திரைக்கும் கரன்ட் வேண்டும். 34 இன்ச் எல்.இ.டி. திரை சாதாரண வெளிச்சத்தில் சுமார் 40 முதல் 60 வாட் இழுக்கும். ஒரு ஃபேன் அளவுதான். ஆனால், பேட்டரி படுத்துவிட்ட இன்வெர்ட்டரில் அதுவும் நிற்காது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் வீடுகளில், கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் சேர்த்து ஒரு யு.பி.எஸ். வைப்பது நல்லது. இன்வெர்ட்டர் என்றால் சைன் வேவ் ரகமாக இருக்கட்டும்.

யாருக்கு எது?

முடிவெடுக்க எளிய வழி, நேரக் கணக்கு. ஒரு வாரத்தில் வேலைக்கு எத்தனை மணி நேரம், கேமுக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். எது அதிகமோ, அதற்கு ஏற்றதாகத் திரை இருக்கட்டும். மற்றது அனுசரித்துக்கொள்ளட்டும்.

* எக்ஸெல், எடிட்டிங், கோடிங் என்று பகல் முழுக்க வேலை. இரவில் கார், டிரக், கதை சொல்லும் கேம்கள்: 34 இன்ச், 3440 × 1440, 100 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல்.
* போட்டி கேம்களும் பிளே ஸ்டேஷனும்தான் முக்கியம்: 27 இன்ச், 2560 × 1440 சாதாரண மானிட்டர். விலையும் குறையும், கிராஃபிக்ஸ் கார்டுக்கும் சுமை குறையும்.
* கேம் எப்போதாவதுதான், பட்ஜெட்டும் குறைவு: இரண்டு 24 இன்ச் ஃபுல் ஹெச்.டி. மானிட்டர்கள். நடுவில் கோடு தெரியும். ஆனால், ஒன்று ரிப்பேர் ஆனாலும் இன்னொன்றில் வேலை ஓடும்.

நம் கற்பனை வீட்டுக்குத் திரும்புவோம். இளைஞரின் கணக்கில் வேலை வாரத்துக்கு 45 மணி நேரம், கேம் 12 மணி நேரம். கேமில் பாதி டிரக் ஓட்டுவது, பாதி நண்பர்களோடு வேலரண்ட். வேலரண்டுக்குக் கறுப்புப் பட்டை விழுந்தாலும் பரவாயில்லை என்று முடிவெடுக்கிறார். ஓ.எல்.இ.டி. ஆசையை ஒதுக்கிவைத்துவிட்டு, வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் வாரன்ட்டியுள்ள 34 இன்ச் வி.ஏ. திரை. ஒன்றரை அடி மேசைக்குப் பின்னால் ஒரு பலகையைச் சேர்த்து ஆழத்தைக் கூட்டித் தருகிறார் அப்பா. "பன்னா கூடுனா தறியவும்லா அகலப்படுத்தணும்!"

மிச்சப் பணம் பேட்டரிக்கு முழுதாகப் போதாது. பாதியை அடுத்த மாதச் சம்பளத்தில் போடுவதாகத் தங்கையிடம் ஒப்பந்தம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வேலையும் இல்லை, கேமும் இல்லை. ஒரு பழைய ஸ்கோப் படத்தைத் திரை நிறைய ஓடவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைக்கிறார். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அம்மா கேட்கிறார்...

"இதுல சீரியல் வருமாய்யா?"

வரும் அம்மா... இரண்டு பக்கமும் கொஞ்சம் கறுப்போடு!